விளாச்சேரி அழகர் செட்: குதிரைக்குக் கால் போனது, தவளை தனியாக வந்தது

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்கப்போவது அதைத்தான். விளாச்சேரியில் வாங்கிய கொலு பொம்மை, 'அழகர் ஆற்றில் இறங்கும் செட்', 16 உருப்படி, கேட்டது 4,200 ரூபாய், கொடுத்தது 3,900. தவளைக்குத் தனியாக 350. கோவைக்குப் பார்சல் 480. குதிரைக்கால் ஒட்ட எம்சீலும், தங்கப் பெயிண்ட் குட்டி டப்பாவும் 95. இந்தக் கடைசிக் கணக்கு ஏன் வந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

நான் பிறந்தது மதுரை வடக்கு மாசி வீதி. கல்யாணமாகி வந்தது கோயம்புத்தூர். முப்பது வருடமாக ஏழு படி கொலு வைக்கிறேன். கோவைக் கடைகளில் கிரிவலம் செட் கிடைக்கும், அறுபடை வீடு கிடைக்கும், கிரிக்கெட் மேட்ச் செட் கூடக் கிடைக்கும். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்குவது மட்டும் கிடைக்காது. கேட்டால் "மீனாட்சி கல்யாணம் இருக்கு, அதை எடுத்துக்கோங்க" என்பார்கள். அது என்னிடம் ஏற்கனவே இருக்கிறது. எனக்கு வேண்டியது ஆழ்வார்புரத்துக் கரையில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த காட்சி. விடியும் நேரம், தங்கக் குதிரை, சுற்றிலும் தோல்பையை அமுக்கித் தண்ணீர் பீய்ச்சுகிற ஆட்கள், முன்னால் இருந்த பெண் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த சர்க்கரைச் செம்பு, அதன் மேல் எரிகிற சூடம். அந்தச் சூடம் என் பாவாடையில் விழுந்து ஓட்டை போட்டதும் ஞாபகம் இருக்கிறது.

போன ஆடியில் தங்கை வீட்டு வளைகாப்புக்கு மதுரை போனவள், விளாச்சேரிக்கு ஆட்டோ பிடித்தேன். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்து ஊர். கொலு பொம்மை, பிள்ளையார், கிறிஸ்துமஸ் குடில் பொம்மை என்று சீசனுக்குத் தக்க வேலை மாறிக்கொண்டே இருக்கும். நான் போன வீட்டுத் திண்ணையில் ஒரு பக்கம் பிள்ளையார்கள் வெள்ளையடித்துக் காய்ந்துகொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் மாதா கைகூப்பி நின்றிருந்தார். கடை என்று போர்டு எதுவும் இல்லை. வீடுதான் பட்டறை. முன்பாதி ஓர் அச்சு, பின்பாதி ஓர் அச்சு, இரண்டிலும் மண்ணை அப்பி ஒட்டி எடுத்து, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, அப்புறம்தான் வண்ணம். கண்ணை மட்டும் அந்த வீட்டு அம்மா எழுதுகிறார். மற்றதெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் கண்.

காகிதக்கூழ் பொம்மை, மண் பொம்மை இரண்டும் வைத்திருக்கிறார்கள். காகிதக்கூழ் கனம் இல்லை, ஊர் விட்டு ஊர் கொண்டுபோக அதுதான் நல்லது என்று பொம்மை செய்கிற தம்பியே சொன்னார். நான்தான் மண்ணே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். குதிரைக்கால் போனதில் பாதிப் பழி என் மேல்தான்.

சரி, பொம்மை எப்படி?

அழகர் அருமை. பீடத்தோடு சேர்த்து ஒரு முழம் உயரம். முகத்தில் அந்த அம்மா எழுதிய கண், கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. பட்டு பச்சை. நிஜத்தில் அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி இறங்குகிறாரோ அதை வைத்து அந்த வருடப் பலன் சொல்வார்கள். பெட்டிக்குள் கைவிட்டு எடுப்பதில் எது வருகிறதோ அது. பச்சை வந்தால் மழையும் விளைச்சலும், சிவப்பு வந்தால் ஊருக்குள் முணுமுணுப்பு. பட்டறையில் அந்தக் கவலையே இல்லை. "எல்லா செட்டும் பச்சைதாம்மா. செவப்பு அடிச்சா யாரு வாங்குவா?" என்றார் அந்தத் தம்பி.

குறை என்றால் மாலை. அழகர் குதிரை ஏறுவதற்கு முன்னால் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சாத்திக்கொள்வார். பொம்மையில் மாலையே இல்லை, ஒரு தங்கச் சங்கிலியை வரைந்துவிட்டிருக்கிறார்கள். அதற்குப் போய்க் கோபப்பட முடியாது. கலர் நூலில் நானே கட்டிப் போட்டேன்.

மற்ற பதினைந்தில் தாங்கிகள் நாலு பேர், தோல்பை ஆட்கள் மூன்று, சர்க்கரைச் செம்புப் பெண்கள் மூன்று, கருப்பசாமி வேடம் போட்ட ஒருவர், தீப்பந்தம் பிடித்தவர் இருவர், பஞ்சுமிட்டாய்க்காரர், ஒரு போலீஸ்காரர். போலீஸ்காரர் வேறு ஏதோ செட்டுக்குச் செய்த அச்சு போலிருக்கிறது. தாங்கிகளை விட ஒன்றரை மடங்கு உயரம். பின்வரிசையில் நிறுத்தினாலும் அழகருக்கு அடுத்து கண்ணில் படுவது அவர்தான். தோல்பை ஆட்கள் மூவரும் தத்ரூபம், அதிலும் ஒருவருக்கு வேட்டி நனைந்து ஒட்டிய மடிப்பு வரை வந்திருக்கிறது. தங்க வண்ணம் மட்டும் தரமில்லை. துடைக்கிற துணியில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இனி என் பேத்தி கேட்ட கேள்வி. ஏழு வயது. மூன்றாம் படியில் பழைய மீனாட்சி கல்யாண செட், நாலாம் படியில் புது அழகர். கதை சொல்லிக்கொண்டே வந்தேன். மலயத்துவச பாண்டியன் பிள்ளை இல்லாமல் யாகம் செய்தான், தீயிலிருந்து மூன்று வயதுப் பெண்ணாக மீனாட்சி வந்தாள். தடாதகை என்று பேர் வைத்து ஆண்பிள்ளை போலவே போர் கற்றுக்கொடுத்தார்கள். எட்டுத் திசையும் ஜெயித்துக் கைலாயம் வரை போய், சிவபெருமானைப் பார்த்த கணத்தில் வில்லைத் தாழ்த்தினாள். கல்யாணம் நிச்சயமானது. அண்ணன் பெருமாள், அதாவது அழகர், அழகர்மலையிலிருந்து சீர்வரிசையோடு புறப்பட்டார். வழியெல்லாம் மண்டகப்படி, அங்கங்கே நின்று நின்று வந்ததில் நேரமாகிவிட்டது. வைகைக்கு வந்தால் தங்கச்சி கல்யாணம் முடிந்துவிட்டது என்கிறார்கள். கோபம். ஆற்றில் கால் வைத்தவர் ஊருக்குள் வராமலே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

பேத்தி மூன்றாம் படியைக் காட்டினாள். "அம்மாச்சி, அப்ப இங்க மீனாட்சி கையைப் பிடிச்சுக் குடுக்குறது யாரு? பெருமாள்தானே? வந்துட்டாருல்ல?"

சங்கு சக்கரம், நீல உடம்பு, தாரை வார்க்கிற கெண்டி. பெருமாளேதான். மீனாட்சி கோயில் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் இருக்கிற சிலையும் அப்படித்தான். தங்கையின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுப்பவர் பெருமாள். வெட்கப்பட்டு நிற்கிற மீனாட்சியின் குனிந்த தலையைப் பார்த்தே பழகிய நான், பக்கத்தில் நிற்பவரை இத்தனை வருடம் கேள்வி கேட்டதில்லை.

விளாச்சேரித் தம்பிக்கே போன் போட்டேன். இது விற்பனைக்குப் பிந்தைய சேவையில் வருமா தெரியாது, வந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம்.

"அது அழகர் இல்லம்மா, பவளக்கனிவாய்ப் பெருமாளு. எங்க திருப்பரங்குன்றத்துக்காரரு. வருசா வருசம் இங்கருந்து முருகனும் அவரும்தான் கெளம்பிப் போயி கல்யாணத்த நடத்திக் குடுத்துட்டு வர்றாங்க. அழகர் வரலைன்னா கல்யாணம் நின்னுருமா? எங்க ஊரு ஆளு இருக்காருல்ல."

அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்க வேண்டுமே. பெண் வீட்டுக்காரர்களில் தாங்கள்தான் நெருக்கம் என்கிற மாதிரி. அவர் சொன்னது நிஜம். திருக்கல்யாணத்தன்று சுப்பிரமணிய சுவாமி தெய்வானையோடும், கூடவே பவளக்கனிவாய்ப் பெருமாளும் திருப்பரங்குன்றத்திலிருந்து மதுரைக்கு எழுந்தருள்கிறார்கள். தாரை வார்ப்பது அவர். அதே நேரத்தில் ஊர்ப் பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். மீனாட்சிக்கு மொய் எழுதுகிறவர்களும் உண்டு. மறுநாள் மாசி வீதிகளில் தேர். அதெல்லாம் முடிந்த பிறகு, சித்ரா பௌர்ணமிக்குத்தான் அழகர் ஆற்றுக்கு வருகிறார். தாமதம் என்றால் சும்மா அரைமணி தாமதம் இல்லை.

எனக்கு உறுத்தியது வேறு. கல்யாணத்துக்குத் தாமதமானார் என்பது மக்கள் சொல்கிற கதை. அழகர் கோயிலில் கேட்டால் அழகர் வைகைக்கு வருவதே கல்யாணத்துக்காக இல்லை, ஒரு தவளைக்காக. மலை மேலே நூபுர கங்கையில் சுதபஸ் என்று ஒரு முனிவர் பெருமாளை நினைத்து மூழ்கிக் கிடந்தார். துர்வாசர் வந்ததைக் கவனிக்கவில்லை. துர்வாசருக்குக் கோபம் வரக் காரணம் வேண்டுமா என்ன? தவளையாகப் போ என்று சபித்தார். சாபம் தீர வழி கேட்டபோது, வைகைக் கரையில் தவம் இரு, அழகர் வந்து விடுவிப்பார் என்று சொன்னார். அந்தத் தவளைதான் மண்டூக முனிவர். இப்போதும் ஆற்றில் இறங்கிய மறுநாள், வண்டியூர்ப் பக்கம் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் அழகர் வந்து மோட்சம் கொடுக்கிறார். முனிவர் சிலைக்குப் பக்கத்தில் தண்ணீரில் ஒரு நாரையைக் கட்டி வைத்திருந்து, அந்த நேரத்தில் அவிழ்த்துப் பறக்கவிடுவார்கள்.

ஆக, 16 உருப்படியில் பஞ்சுமிட்டாய்க்காரருக்கு இடம் இருக்கிறது, அழகரை ஆற்றுக்கு வரவழைத்த தவளைக்கு இல்லை. இதை என்னால் விட முடியவில்லை. இரண்டாவது போன்.

"தவளையாவா வேணும், முனிவராவா?"

"தவளையாத்தான். ஆனா பார்த்தா முனிவர்னு தெரியணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பாக்குறேம்மா" என்றார். பத்து நாளில் வந்தது. உள்ளங்கை அளவில் ஒரு பச்சைத் தவளை, சம்மணம் போட்டு உட்கார்ந்து கைகூப்பியிருக்கிறது. தலையில் ஜடாமுடி, கழுத்தில் ருத்திராட்சம். பெருமாளுக்குக் காத்திருப்பவருக்கு ருத்திராட்சம் பொருந்துமா என்று என் நாத்தனார் கேட்டார். மதுரையில் பொருந்தும் என்று சொல்லிவிட்டேன். கொலுவுக்கு வந்த பிள்ளைகள் அத்தனையும் அதன் முன்னால்தான் உட்கார்ந்தன. மொத்த செட்டில் எனக்குப் பிடித்ததும் இதுதான். இதற்கு அச்சு கிடையாது, கையாலேயே பிடித்தது.

அந்த மண்டபத்துக்கு ஏன் தேனூர் என்று பேர் என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. தேனூர் இருப்பது மதுரைக்கு மேற்கே, சோழவந்தான் பக்கம். அழகர் பழைய நாளில் ஆற்றில் இறங்கியது அங்கேதான். மீனாட்சி கல்யாணம் நடந்தது மாசியில். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகரை மதுரைக்கு வரவழைத்து இரண்டு திருவிழாவையும் ஒன்றாகக் கோத்தார். பெரிய தேர் செய்துவிட்டு, மாசியில் அறுவடைக்குப் போன ஜனங்களில் இழுக்க ஆள் கிடைக்காமல் மாற்றினார் என்றும் சொல்வார்கள், சைவத்தையும் வைணவத்தையும் சேர்த்துவைக்க மாற்றினார் என்றும் சொல்வார்கள். எங்கள் அப்பா முதல் கட்சி. அதிகாரம் உள்ளவன் ஆள் பற்றாக்குறைக்குத்தான் முதலில் கவலைப்படுவான் என்பார். எப்படியோ, சித்திரையில் ஓடுகிற தேர் இன்றைக்கும் மாசி வீதிகளில் ஓடுகிறது. நான் பிறந்த வீதியின் பெயருக்கே அதுதான் காரணம் என்று தெரிந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது.

அப்படிப் பார்த்தால் தாமதமான அண்ணன் கதை, தனித்தனியாக இருந்த இரண்டு திருவிழாவை ஒட்டிய பசை. ஒட்டினாலும் நடுவில் ஒரு கீறல் இருந்தது; அந்தக் கீறலையே கதையாக்கி, கோபித்துக்கொண்டு திரும்பினார் என்று ஜனங்கள் சொல்லிவிட்டார்கள். எந்தக் கல்யாணத்தில்தான் ஒரு மாமன் கோபித்துக்கொண்டு போகவில்லை?

இனி பார்சல். கட்டியதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, வைக்கோல் திணித்து, மேலே சாக்குத் தைத்து, நாலு பக்கமும் 'உடையும் பொருள்' என்று மார்க்கரில் எழுதியிருந்தார்கள். அனுப்பிய பார்சல் கம்பெனியில் அதை யாரும் படிக்கவில்லை. பெட்டி தலைகீழாக வந்தது. பிரித்தால் குதிரையின் முன்னங்கால் ஒன்று தனியாக, ஒரு செம்புப் பெண்ணுக்குக் கை தனியாக. பார்சல் ஆபீசில் கேட்டால் "பேக்கிங் சரியில்லைங்க" என்றார்கள். பட்டறையில் கேட்டால் அந்தத் தம்பி மறுபேச்சே பேசவில்லை, வேறு பெண்ணைச் செய்து, தவளையோடு சேர்த்து இலவசமாக அனுப்பினார். குதிரையை மட்டும் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அதன் மேல் இருக்கிற அழகரின் அந்தக் கண் இன்னொரு முறை அதே மாதிரி வராது. எம்சீல் வைத்து நானே ஒட்டி, தங்கம் பூசினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் குதிரைக்கு முட்டியில் கட்டி மாதிரி தெரியும்.

படியில் வைத்த விதத்தையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். வைகைக்கு நீலத் துணி விரிக்காதீர்கள். மரத்தட்டில் மணலைப் பரப்பி, நடுவில் விரல் அகலத்துக்குக் கண்ணாடித் துண்டு வைத்தால் போதும். இந்தத் திருவிழாவுக்கே அணையைத் திறந்து தண்ணீர் விட வேண்டியிருக்கிற ஆறு அது. 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் அழகர் ஆற்றுக்கே வரவில்லை. கரை ஓரத்தில் கல்யாண செட்டிலிருந்து குண்டோதரனை எடுத்து உட்கார வைத்தேன். கல்யாண விருந்து முழுவதையும் தின்றும் பசி அடங்காமல், அப்புறம் தாகத்தில் தவித்த பூதம். சிவபெருமான் 'வை கை' என்று சொல்ல, அவன் கை வைத்த இடத்தில் வந்ததுதான் வைகை. அண்ணன் எந்த ஆற்றில் நின்று கோபித்துக்கொண்டாரோ, அந்த ஆறே தங்கை கல்யாணப் பந்தியில் பிறந்தது. இதைச் சொன்னதும் பேத்தி குண்டோதரன் கையைத் தட்டில் படுகிற மாதிரி திருப்பி வைத்தாள். பட்டறையில் அச்சு வார்த்தவர் நினைத்துச் செய்ததா தெரியாது, கை சரியாக மணலைத் தொட்டது.

பழைய தசாவதார செட்டையும் வீணாக்கவில்லை. நாலாம் படியின் மறுகோடியில் வரிசையாக வைத்து 'ராமராயர் மண்டபம்' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். அங்கேதான் இரவு முழுக்க அழகர் ஒவ்வோர் அவதாரமாக வேடம் மாற்றி வருவார். நாரைக்கு கிராமத்து செட்டில் இருந்த கொக்கு. கொக்குக்கும் தவளைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடச் சொன்னாள் பேத்தி. சரிதானே.

யார் வாங்கலாம்? மதுரைக்காரர்கள் யோசிக்காமல் வாங்கலாம். மற்றவர்கள் கல்யாண செட்டும் சேர்த்து வாங்கினால்தான் கதை நிற்கும். இரண்டு படி இடம் வேண்டும். நேரில் போவதானால் ஆடியிலேயே போங்கள், ஆவணியில் பிள்ளையார் வேலை நெருக்கும், பேச நேரம் இருக்காது. பார்சலானால் காகிதக்கூழ். சொந்தக் காரில் மடியில் வைத்து எடுத்து வருவதானால் மண். போலீஸ்காரர் வேண்டாம் என்று சொன்னால் 150 ரூபாய் குறைப்பார்கள், நான் கேட்காமல் விட்டேன்.

போன வாரம் மறுபடி போன் செய்தேன். அழகரை ஆற்றில் எதிர்கொண்டு வரவேற்பவர் வீரராகவப் பெருமாள், அவர் செட்டில் இல்லையே என்றேன்.

"வெள்ளிக் குதிரையிலல்ல வருவாரு? செய்யலாம்மா. காகிதக்கூழா?"

"மண்ணு."

"அப்ப எம்சீலும் நீங்களே வாங்கி வச்சுக்கங்க" என்றார்.